தம்பியை யாரும் தொட வேண்டாம்

என் தம்பியை யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது, கன்னத்தில் முத்தமிடக் கூடாது. மாதக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கேட்பாரில்லை. எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. கொஞ்சம் நெருக்கமென்றால் மூன்று, நான்கு. கொரோனாக் காலத்தில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் இப்போது சேர்த்துவைத்துக் கொடுக்கிறார்கள்.

முதல் ஆள் கறிக்கடை மொங்கி. தம்பி நவ்ஃபல் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என்னுடன் மீன் சந்தைக்குக் கிளம்பிய முதல் காலையில், கடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, கையைக்கூடத் துடைக்காமல் அவனை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"அல்லாவே! நவ்ஃபலா இது? மாப்பிள்ள மாதிரில்ல இருக்கான்!"

"விடுங்க மொங்கி அண்ணே. அவனுக்குக் குடுத்திருக்கிற மருந்துக்கு இதெல்லாம் ஆகாது."

"நான் தொட்டா மருந்து கெட்டுப்போயிருமா? நான் என்ன பூனையா, பால்ல வாய வைக்கிறதுக்கு?"

"காலையிலேர்ந்து இருமிக்கிட்டு இருக்கீங்க. தெருமுனை வரைக்கும் கேக்குது."

"இது சிகரெட் இருமல்மா. சுத்தமான இருமல்."

நவ்ஃபல் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மொங்கி பத்தொன்பது வருஷம் நவ்ஃபலைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாவியவர். அவர் மட்டுமல்ல, தெருவே தாவியது. தொட்டால் ஒன்றும் ஆகாத காலத்தில் ஒருவரும் தொடவில்லை. தொட்டால் ஆபத்து என்று ஆன பிறகு வரிசை கட்டி வருகிறார்கள். என் ராசி அப்படி.

என் பெயர் ரவுதா. நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்று கொடுக்கும் ஜன்னலில் உட்காருகிறேன். நவ்ஃபலுக்கு இருபத்தோரு வயதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தபோது எனக்கு இருபத்தேழு. பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவன் சுவரோடு சண்டை போட்டான். அதற்குப் பிறகு யாரும் பார்க்க வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். குறையாகத்தான் சொல்கிறேன்.

மாத்திரை, மாத ஊசி, மின் அதிர்ச்சி எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா பங்குக்கு ஓதிய தண்ணீரும் கறுப்புக் கோழியும். மனச்சிதைவு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். காகிதம் மஞ்சளானதுதான் மிச்சம். அப்பா இறந்த அன்று அவனைக் குளியலறையில் வைத்துப் பூட்டி, கதவுக்கு வெளியே இரண்டு ஆண்களை உட்கார வைத்தோம். மையவாடியில் அடக்கம் முடிந்ததும் வாசலருகே நெருங்கிய ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, அணைத்து, "அல்லா உங்கள்ல பரக்கத்த வைக்கட்டும்" என்று ஆறுதல் சொல்லிப் போவார்கள். அந்த வரிசையில் அப்பாவின் ஒரே மகன் நிற்கவில்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஷெட்லி சித்தப்பா நின்றார். அம்மா அதை ஆறு வருஷம் மறக்கவில்லை.

"என்னைய மண்ணுல வைக்கிறப்பவாவது அவன் அங்க நிக்கணும்" என்பாள், வெங்காயம் நறுக்கும்போதுகூட.

போன கோடையில்தான் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு டாக்டர் எம்னா வந்தார். என்னைவிடச் சின்னவர். நவ்ஃபலின் ரத்தத்தையும் முதுகுத்தண்டிலிருந்து நீரையும் எடுத்துப் பரிசோதித்துவிட்டு, என்னையும் அம்மாவையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார்.

"எல்லாருக்கும் இப்படி இல்ல. ரொம்பக் கொஞ்சம் பேருக்கு இருக்கலாம்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். கிருமிய அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, தவறிப்போய் மூளையையே அடிக்குது. உடம்புக்குள்ள இருக்கிற போலீஸ், திருடன விட்டுட்டு வீட்டுக்காரனப் போட்டு அடிக்கிற மாதிரி."

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எந்த நாட்டுல இருக்கோம் பொண்ணே? இதக் கண்டுபிடிக்க இவ்வளவு படிக்கணுமா?"

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றதைச் சொன்னார். மூட்டு நோய்க்குக் கொடுக்கிற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து ஒன்று. இது ஆராய்ச்சி, பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு வார இடைவெளியில் இரண்டு டிரிப்ஸ். ஆறு மாதம் கழித்து சோதித்துப் பார்த்து, முன்னேற்றம் நிலைத்திருந்தால் மட்டும் அடுத்த சுற்று. குரல்கள் திரும்பியிருந்தால் கிடையாது. பலனில்லாத மருந்துக்காக ஒருவரின் காவலைப் பறிப்பது பாவம் என்றார். அந்த ஆறு மாதமும் அவனைக் கூட்டத்திலிருந்தும் இருமல் சளியிலிருந்தும் காக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

ஆகஸ்ட் கடைசியில் டிரிப்ஸ் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. எதிர்பார்த்ததுதான் என்று நான் என் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டேன். ஏழாவது வாரம், ஒரு காலை, நவ்ஃபல் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, இந்த வீட்டுல காபிக்குச் சக்கரையே போட மாட்டீங்களா?"

பத்தொன்பது வருஷத்தில் அவன் என்ன குடிக்கிறான் என்று அவனுக்கே தெரிந்ததில்லை. அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சர்க்கரை எடுக்கப் போய், சமையலறையில் வெகுநேரம் டப்பாவைத் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

"குரல் போயிருச்சாடா?" என்று பிறகு கேட்டேன்.

"போகல. பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் முணுமுணுன்னு கேக்குது. என்ன பேசுதுன்னு புரியல. புரியாட்டி நமக்கென்ன, பேசிட்டுப் போகட்டும்."

அதிலிருந்து என் வேலை இரட்டிப்பானது. முன்பு ஊரை அவனிடமிருந்து காப்பாற்றினேன். இப்போது அவனை ஊரிடமிருந்து. பன்னிரண்டு பேரில் இவனையும் சேர்த்து நாலு பேர்தான் தேறியிருந்தார்கள். அதில் ஒருத்தி மஹ்தியா ஊர்க்காரி. அவள் டிசம்பர் குளிரில் தங்கை வீட்டுப் பெயர் சூட்டு விழாவுக்குப் போய், குழந்தையை முத்தமிட்டு, சளியோடு திரும்பினாள். பதினாறு நாள் மூச்சு இயந்திரத்தில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள், ஆனால் இனி மருந்து கிடையாது என்றுவிட்டார்கள், குரல்களும் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அவளைப் பார்த்தேன். தங்கை கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அந்தத் தங்கையின் முகத்தை நான் தினமும் நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் அது என் பழைய முகம்.

பிப்ரவரி முதல் செவ்வாய் காலை அம்மா இறந்தாள். தொழுகைக்கு எழுந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள், அவ்வளவுதான். நவ்ஃபலின் ஆறு மாதச் சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள்.

நவ்ஃபல் அம்மாவின் கால்களைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். எல்லோரும் அழுகிற மாதிரிதான் அழுதான். அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அம்மா இறந்து கிடக்கும்போது சந்தோஷப்பட்டவள் நான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. டாக்டர் எம்னாவுக்கு ஃபோன் செய்தேன்.

"போகாம இருந்தா நல்லதுதான்" என்றார் அவர். "ஆனா அம்மா. நான் எப்படிப் போகாதேன்னு சொல்றது? மாஸ்க் போடட்டும். கை குடுக்காம நெஞ்சுல கைய வச்சு சலாம் சொல்லட்டும். கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துரட்டும். எதுக்கும் நீங்களா முடிவெடுக்காதீங்க, அவர்கிட்ட கேளுங்க. அவர் இப்ப நல்லா யோசிக்கிறார்."

கேட்கலாம் என்றுதான் ஃபோனை வைத்தேன். அதற்குள் அம்மாவைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் வெந்நீர் எங்கே என்றார்கள், உடலைச் சுற்றும் கபன் துணி எங்கே என்றார்கள், பக்கத்து வீட்டு வசீலா அடுப்பை அணைத்தாயிற்றா என்றாள். துக்க வீட்டில் துக்கப்பட நேரம் இருப்பதில்லை.

பத்து மணிக்கு ஷெட்லி சித்தப்பா வந்தார். பாஸ்பேட் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவு வீட்டையும் ஷிஃப்ட் பிரிப்பது போலத்தான் நடத்துவார்.

"வரிசையில நவ்ஃபல் மொதல்ல, அப்புறம் நான், அப்புறம் என் பையன் ரியாத். சரியா?"

"சித்தப்பா, அவனை யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது. முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கணும்."

"சாவுல கட்டிப்பிடிக்காம? எரநூறு பேர் வருவான். ஒவ்வொருத்தன் காதுலயும் போய் ஓதவா நானு? இல்ல மையவாடி வாசல்ல பலகை மாட்டட்டுமா?"

"அவன் எடுக்கிற மருந்து எதிர்ப்பு சக்திய அடக்கி வச்சிருக்கு. சளி புடிச்சாக்கூட ஆபத்து."

"ஏன்னு கேப்பானுங்க. என்ன சொல்றது? ஒட்டுற வியாதின்னா?"

"அவன்கிட்டேர்ந்து ஒட்டாது சித்தப்பா! அவனுக்குத்தான் ஒட்டும்!"

"நீ என்கிட்ட கத்துற. எனக்கே பாதிதான் புரியுது. அவனுங்களுக்கு எப்படிப் புரியும்? 'தொடாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, சாயங்காலம் இந்த வீட்டுக் குஸ்குஸ்ல ஒருத்தன் கைய வைக்க மாட்டான். காசநோய்ம்பான், அதவிட மோசமா ஒண்ணு சொல்லுவான். நாளைக்கு உன் ஆபீஸ் ஜன்னல்ல எவனும் காகிதம் வாங்க மாட்டான். தெரிஞ்சுக்கோ."

அவர் சொன்னது உண்மைதான். நான் களைத்துப்போயிருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று காலை மட்டும் வந்த களைப்பல்ல அது. பத்தொன்பது வருஷக் களைப்பு அந்த நிமிஷத்தில் என் மேல் ஏறி உட்கார்ந்தது. ஊருக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் விளக்கமில்லாமல் புரியும் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப இப்படிச் சொல்லிருங்க" என்றேன். "அவனுக்கு மறுபடியும் வந்துருச்சுன்னு. அதனால வரலைன்னு."

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "நிஜமாவே வந்துருச்சா?"

"ம்" என்றேன். இல்லை, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இது சும்மா, என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால் வெறும் "ம்".

"பாவம்" என்றார் அவர். "பாவம், அண்ணி இதப் பாக்காம போயிட்டாங்களே." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். முற்றத்தில் ஆண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டுவது சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மொங்கி இரண்டு கைகளையும் விரித்துத் தொங்கவிட்டார்.

குளிப்பாட்டி முடித்ததும் நவ்ஃபலிடம் பேசி, வீட்டிலேயே இருத்திவிடலாம் என்பது என் திட்டம். சொன்னால் கேட்பான் என்று நம்பினேன். ஆனால் கபனைக் கட்டும்போது முடிச்சு என் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது, வசீலா என்னை உட்கார வைத்து முகத்தில் பன்னீர் தெளித்தாள், யாரோ என் மடியில் விழுந்து அழுதார்கள். நான் நிமிர்ந்தபோது ஆண்கள் அம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கலிமா சத்தம் எழுந்தது. கூட்டத்தின் கடைசியில் நவ்ஃபல் நின்றான். முகம் மழித்திருந்தான். அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான். மூக்கையும் வாயையும் மூடி, பக்கவாட்டில் அமுக்கிவிட்டு, மாஸ்க்கை ஒழுங்காகக் கட்டியிருந்தான்.

நான் வாசல் வரை ஓடினேன். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. கூப்பிடலாம்; கூப்பிட்டால் எல்லாத் தலையும் திரும்பும், அவனுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட எல்லாத் தலையும். அவன் என்னைப் பார்த்து, வலக்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். பிறகுதான் தெரிந்தது, அவனும் டாக்டருக்குத் தானாகவே ஃபோன் செய்து கேட்டிருக்கிறான். அவரும் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்லியிருக்கிறார்.

நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மஹ்தியாக்காரியின் தங்கை முகம்தான் கண் முன்னால் நின்றது. யார் யார் இருமுவார்கள், யார் மாஸ்க்கை இழுத்துவிட்டு முத்தமிடுவார்கள் என்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக அழ வேண்டிய நேரத்தையும் அவனே எடுத்துக்கொண்டான் என்று கோபமும் வந்தது.

சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆண்கள் திரும்பினார்கள். முதலில் சித்தப்பா உள்ளே வந்தார்.

"நீ வர மாட்டான்னு சொன்ன, வந்துட்டானேம்மா. ஆனா ஒரு கலாட்டா இல்ல. அல்லாவுக்கு நன்றி. கல்லு மாதிரி நின்னான். நான் எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன், யாரும் அவன்கிட்ட போய் அவனைக் கிளப்பி விடாதீங்கன்னு. நல்ல ஜனங்க, சொன்னபடி கேட்டாங்க."

அவனைத் தேடி அறை அறையாகப் போனேன்.

நவ்ஃபல் அம்மாவின் அறையில் இருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் விரிப்பு எடுத்த கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். யோசிச்சுச் சொல்லு."

"கேளு."

"நான் வரிசையில மொத ஆளா நின்னேன். கை குடுக்க வந்தா நெஞ்சுல கைய வைக்கணும், 'மன்னிச்சிருங்க, டாக்டர் சொல்லியிருக்கார்'னு சொல்லணும். வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். நூத்தி எண்பது பேர் வந்திருப்பாங்க. ஒருத்தருக்குக்கூட அதச் சொல்ல வேண்டிய வேலை வரல. என்கிட்ட வந்ததும் எல்லாரும் தரையப் பாத்தாங்க. என்னைத் தாண்டிப் போய் சித்தப்பாவக் கட்டிக்கிட்டாங்க. மொங்கி அண்ணன்கூட. சித்தப்பா எனக்கும் அவருக்கும் நடுவுல ரெண்டு ஆள் இடம் விட்டு நின்னாரு. எல்லாருக்கும் என்னைப் பத்தி ஏதோ தெரியும், எனக்கு மட்டும் தெரியாதுங்கிற மாதிரி."

அவன் மாஸ்க்கைக் கழற்றி மடித்தான். மறுபடி பிரித்தான்.

"டாக்டர் சொல்லியிருக்காங்க, திரும்பி வந்தா மொதல்ல இப்படித்தான் வருமாம். எல்லாரும் நம்மளப் பத்தியே பேசுற மாதிரி, நம்மளப் பாத்து ஒதுங்குற மாதிரி. அப்படித் தோணுச்சுன்னா நம்புற ஒரு ஆள்கிட்ட கேளு, அது நிஜமா நடந்துச்சான்னு. அதான் கேக்குறேன். இது நடந்துச்சா? இல்ல எனக்கு மட்டும் அப்படித் தெரிஞ்சுதா? எனக்குத்தான் தெரிஞ்சுதுன்னா நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிரணும். மருந்து வேலை செய்யலன்னு. அடுத்தது வேண்டாம்னு."

எனக்கு ஒரு வழி திறந்துதான் இருந்தது. உனக்குத்தான் அப்படித் தெரிந்திருக்கும், துக்கத்தில் யாருக்கும் அப்படித் தோன்றும், விட்டுவிடு என்று சொல்லலாம். நான் தப்பித்துவிடுவேன். அவன் நாளைக் காலை போய் தனக்கு மறுபடி வந்துவிட்டது என்று தன் வாயாலேயே சொல்வான். அந்த மருந்து அவனுக்கு இல்லையென்று ஆகும். ஒரு நிமிஷம் அதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

"நடந்துச்சு" என்றேன். "நிஜமா நடந்துச்சு. உனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் சித்தப்பாகிட்ட உனக்கு மறுபடி வந்துருச்சுன்னு சொன்னேன். யாரும் உன்னைத் தொடக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

அவன் கண்ணை மூடினான். தோள்கள் இறங்கின. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா." சிரித்தான், முகமெல்லாம் கண்ணீர். எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவ்வளவு கெட்டியாக அவன் என்னைப் பிடித்து எத்தனை வருஷமோ ஆயிற்று. நானும் அழுதேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பிறகு அவன் கைகள் மெதுவாகத் தளர்ந்தன.

"அந்தக் குரல் என்கிட்ட என்ன சொல்லும்னு நான் உன்கிட்ட சொன்னதே இல்ல" என்றான். "இதத்தான் சொல்லும். 'உன் அக்கா ஊர்க்காரங்ககிட்ட உன்னப் பத்திப் பேசுறா'ன்னு. பத்தொம்பது வருஷம் அதோட சண்டை போட்டேன். அவ அப்படிச் செய்ய மாட்டான்னு. சுவத்துல தலைய முட்டிக்கிட்டது அதுக்குத்தான்."

"நவ்ஃபல்..."

"கோவம் இல்லக்கா. நீ ஏன் சொன்னேன்னு புரியுது. ஆனா இனிமே எது நிஜம்னு நான் யார்கிட்ட கேப்பேன்?"

நேராக முற்றத்துக்குப் போனேன். ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், வசீலா வீட்டிலிருந்து குஸ்குஸ் தாம்பாளங்கள் வந்துகொண்டிருந்தன. நான் நடுவில் போய் நின்று, நவ்ஃபல் நன்றாக இருக்கிறான், காலையில் நான் சொன்னது பொய், அவனுக்கு ஒன்றுமில்லை என்று உரக்கச் சொன்னேன். குரல் உடைந்து கத்தலாக வந்தது. தலைத்துணி சரிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். கரண்டிகள் நின்றன. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சித்தப்பா எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "சரிம்மா, சரி. நல்லா இருக்கான். நாங்க யாராவது இல்லைன்னு சொன்னோமா? நீ உள்ள போய்ப் படு." திரும்பி மற்றவர்களிடம் மெல்ல, "ரொம்பத் தாங்கிட்டா பாவம். பொம்பள எவ்வளவுதான் தாங்குவா" என்றார்.

மொங்கி தலையை ஆட்டினார். நான் போக வழி விட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் எம்னாவிடம் போனோம். நடந்ததையெல்லாம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நவ்ஃபலுக்கு எல்லாச் சோதனைகளும் செய்தார். முன்னேற்றம் நிலைத்திருக்கிறது என்று எழுதினார். நெஞ்சில் சளி இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. நூற்றி எண்பது பேரில் ஒருவர்கூடத் தொடாத ஆளுக்கு எங்கிருந்து வரும்? மார்ச்சில் இரண்டாவது சுற்று டிரிப்ஸ் ஏறியது.

அவன் நன்றாக இருக்கிறான். ஒரு அச்சகத்தில் அரை நாள் வேலைக்குப் போகிறான். என்னோடு சிரித்துப் பேசுகிறான், சமையலில் குறை சொல்கிறான், வெள்ளிக்கிழமை மையவாடியில் அம்மாவின் கபருக்கு என்னை அழைத்துப் போகிறான். வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நேற்று அச்சகத்திலிருந்து நாங்கள் சேர்ந்துதான் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். எங்கள் வீட்டுக் கதவுகள் மெல்லியவை.

"டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். பஸ்ல எதிர் சீட்டுல ஒரு ஆள், பழுப்புச் சட்டை, ஏறுனதிலேர்ந்து இறங்குற வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். நிஜமாவே பாத்திருப்பானா? இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுச்சா?"

டாக்டர் என்ன சொன்னாரோ. அவர் அந்த பஸ்ஸில் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஆள் இவனைப் பார்க்கவே இல்லை, வழியெல்லாம் தூங்கிக்கொண்டுதான் வந்தான். எனக்குத் தெரியும். நவ்ஃபலுக்குப் பக்கத்து சீட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.